பொதுத்தேர்வு ரத்தானால் மார்க் எப்படி வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா காலத்தில், 2020இலும் 2021இலும், தமிழ்நாட்டில் பொதுத்தேர்வுகள் ரத்தாயின. அந்த ஆண்டுகளின் சான்றிதழ்கள் இன்றைக்கும் கல்லூரிச் சேர்க்கையிலும் வேலை விண்ணப்பத்திலும் கேள்வியைக் கிளப்புகின்றன. பெற்றோர்களும் மாணவர்களும் புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம்.

பரீட்சையே நடக்கவில்லை, அப்புறம் மார்க்கை யார் போட்டது? எங்கள் பள்ளிக்கூடமா?

மாநிலப் பாடத்திட்டத்தில் பள்ளி மார்க் போடவில்லை. எதை எத்தனை சதவீதம் எடுப்பது என்ற முறையை அரசு அறிவித்தது. அந்த முறைப்படி கணக்கிட்டுச் சான்றிதழ் கொடுத்தது அரசுத் தேர்வுகள் இயக்ககம். தன் பதிவேட்டில் ஏற்கெனவே இருந்த எண்களை அனுப்பியதோடு பள்ளியின் வேலை முடிந்தது. சிபிஎஸ்இயில் நிலைமை வேறு. அங்கே பள்ளியே குழு அமைத்துக் கணக்குப் போட்டது. அதைப் பின்னால் தனிக் கேள்வியாகச் சொல்கிறோம்.

எந்த பேட்சுக்கு எந்த மார்க் கணக்குப் போட்டு வந்தது? ஒரே குழப்பமாக இருக்கிறது.

2019 மார்ச்சில் பத்தாம் வகுப்பு எழுதியவர்களுக்கு அது முறையான தேர்வுதான். 2020 மார்ச்சில் பிளஸ் ஒன் எழுதினார்கள், ஆனால் மார்ச் 26 அன்று நடக்கவேண்டிய கடைசித் தேர்வு (வேதியியல், கணக்குப்பதிவியல், புவியியல்) நின்றுபோனது. 2021 ஜூன் 5 அன்று பிளஸ் டூ தேர்வு ரத்தானதாக அறிவிப்பு வந்தது. அந்த மார்க்தான் 50–20–30 முறையில் வந்தது (இதையும் அடுத்து வரும் 80–20ஐயும் கீழே தனித்தனியாக விளக்குகிறோம்).

2020இல் பத்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு ஜூன் 9 அன்று ரத்து அறிவிப்பு வந்து, 80–20 முறையில் மார்க் கிடைத்தது. அடுத்த ஆண்டு பிளஸ் ஒன்னிலும் தேர்வு இல்லாமல் ஆல் பாஸ். 2022 மே மாதம் எழுதிய பிளஸ் டூதான் அவர்கள் வாழ்க்கையில் உட்கார்ந்து எழுதிய முதல் பொதுத்தேர்வு. 2021இல் பத்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு மார்க்கே இல்லை, தேர்ச்சி மட்டும்.

2020 பத்தாம் வகுப்புக்கு 80–20 என்றார்களே, அது என்ன?

காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மார்க்குகளுக்கு 80%, வருகைப்பதிவுக்கு 20%. கணக்குப் பாடத்தில் காலாண்டில் 62, அரையாண்டில் 70 என்றால் சராசரி 66. அதில் 80% என்பது 52.8. வருகைக்கு முழு 20 கிடைத்திருந்தால் 72.8. மேலே சொன்ன, நின்றுபோன பிளஸ் ஒன் தாளுக்கும் இதே முறைதான்.

இந்த முறை எங்கே இடித்தது என்றால், பல பள்ளிகளில் காலாண்டுத் தாளை வேண்டுமென்றே கறாராகத் திருத்துவார்கள். “இப்போதே நூறு போட்டால் பையன் படிக்க மாட்டான்” என்பது நம் ஊர் வழக்கம். அப்படித் திருத்திய பள்ளியின் பிள்ளைகளுக்கு அடி, தாராளமாகத் திருத்திய பள்ளியின் பிள்ளைகளுக்கு லாபம். ரத்து அறிவித்த பிறகு எண்களை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக விடைத்தாள்களையும் முன்னேற்ற அறிக்கைகளையும் கேட்டு வாங்கினார்கள். விடைத்தாளை மாணவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்ட பள்ளிகள் அப்போது பட்ட பாடு கொஞ்சமல்ல.

திருப்புதல் தேர்வில்தான் என் பெண் நல்ல மார்க். அதை ஏன் சேர்க்கவில்லை?

திருப்புதல் தேர்வைப் பள்ளிக்குப் பள்ளி வேறு வினாத்தாளில், வேறு எண்ணிக்கையில் நடத்துகிறார்கள். ஒரு பள்ளியில் மூன்று, இன்னொன்றில் ஒன்று. காலாண்டும் அரையாண்டும் எல்லாப் பள்ளிகளிலும் நடப்பவை, பெரும்பாலும் பொது வினாத்தாள். எல்லோரிடமும் இருக்கும் எண்ணைத்தான் பொதுக் கணக்கில் சேர்க்க முடியும்.

பிளஸ் டூ 50–20–30ஐ ஒரு பாடத்தை வைத்துப் போட்டுக் காட்ட முடியுமா?

2021 ஜூன் 26 அன்று அறிவித்த முறை இது. பத்தாம் வகுப்பில் அதிக மார்க் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரிக்கு 50%. பிளஸ் ஒன்னில் அந்தந்தப் பாடத்தின் எழுத்துத் தேர்வு மார்க்குக்கு 20%. பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கும் அகமதிப்பீட்டுக்கும் (இன்டர்னல்) சேர்த்து 30%.

ஒரு மாணவியின் பத்தாம் வகுப்பு மார்க்குகள் தமிழ் 88, ஆங்கிலம் 82, கணக்கு 95, அறிவியல் 91, சமூக அறிவியல் 96 என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று 96, 95, 91. கூட்டினால் 282, சராசரி 94, அதில் பாதி 47. பிளஸ் ஒன் இயற்பியலில் எழுத்துத் தேர்வில் 70க்கு 56, அதாவது 80%. அதற்கு 20 மார்க்கில் 16. பிளஸ் டூ இயற்பியல் செய்முறையில் 20க்கு 19, அகமதிப்பீட்டில் 10க்கு 10, ஆக 29. மூன்றையும் கூட்டினால் இயற்பியல் மார்க் 92.

செய்முறை இல்லாத பாடத்தில் கடைசிப் பகுதி மட்டும் மாறும். தமிழில் அகமதிப்பீட்டின் 10 மார்க்கை அப்படியே 30 ஆகப் பெருக்கினார்கள். பிளஸ் ஒன் தமிழில் 90க்கு 72 (80%, ஆக 16), அகமதிப்பீடு 9 என்றால் 47 + 16 + 27 = 90.

பத்தாம் வகுப்புக்கு ஏன் பாதி எடை? பிளஸ் டூவில் விழுந்து விழுந்து படித்தவனுக்கு என்ன பலன்?

நியாயமான ஆதங்கம். இந்த முறையில் மிகவும் இழந்தவர்கள், பத்தாம் வகுப்பில் சுமாராக இருந்து பிளஸ் டூவில் நிமிர்ந்தவர்கள்தான். அவர்கள் பிளஸ் டூவில் எழுதிய எந்த எழுத்துத் தேர்வும் கணக்கில் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் கல்வியாண்டில் பள்ளிகள் திறந்ததே 2021 ஜனவரி 19 அன்றுதான். காலாண்டும் அரையாண்டும் வழக்கம்போல் நடக்கவில்லை. நகரத்துத் தனியார் பள்ளி ஆன்லைனில் தேர்வு வைத்திருக்கும், கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. ஏப்ரலில் நடந்த செய்முறைத் தேர்வு ஒன்றுதான் ஓரளவு எல்லோருக்கும் பொதுவாகக் கையில் இருந்தது.

பிளஸ் ஒன்னுக்கு ஏன் 20 மட்டும் என்றால், அந்த மார்க் உயர்கல்விச் சேர்க்கைக்குக் கணக்கில் வராது என்று 2018இலேயே அறிவித்துவிட்டார்கள். பாஸானால் போதும் என்று எழுதியவர்கள் ஏராளம். அதற்கு அதிக எடை கொடுத்திருந்தால், விதியை நம்பி நடந்தவர்களைத் தண்டித்ததாக ஆகியிருக்கும். மிஞ்சியது முழுமையாக நடந்து, வெளி ஆசிரியர்கள் திருத்திய பத்தாம் வகுப்புத் தேர்வு. 50% கூடுதல்தான், 40 வைத்திருக்கலாம் என்பது எங்கள் கருத்து. ஆனால் அதை எடுத்ததற்கான காரணத்தில் தவறில்லை.

கணக்கில் நான் எப்போதும் சுமார்தான். ஆனால் பிளஸ் டூ கணக்கு மார்க் மட்டும் அதிகமாக வந்திருக்கிறதே?

மேலே போட்ட எடுத்துக்காட்டில் 47 என்ற எண்ணைப் பாருங்கள். அது இயற்பியலுக்கும் 47, தமிழுக்கும் 47, கணக்குக்கும் 47. பத்தாம் வகுப்பில் உங்கள் சிறந்த மூன்றில் கணக்கு இல்லாவிட்டாலும், தமிழும் சமூக அறிவியலும் தந்த சராசரி பிளஸ் டூ கணக்கில் வந்து உட்காரும். ஆறு பாடங்களிலும் பாதி மார்க் ஒரே எண் என்பதால் பாடங்களுக்கு இடையே வித்தியாசம் சுருங்கிவிடும்.

பொறியியல் கட்-ஆஃப் கணக்கில் இதன் விளைவு இன்னும் தெளிவு. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. அந்த மாணவிக்குக் கணக்கில் 47, இயற்பியலில் 23.5, வேதியியலில் 23.5, ஆக 94 மார்க், அந்தப் பாடங்களைத் தொடுவதற்கு முன்பே பத்தாம் வகுப்பிலிருந்து வந்துவிட்டது. 2021 பேட்சில் ஒருவரின் கணக்கு மார்க்கை வைத்து அவர் கணக்கில் கெட்டிக்காரர் என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்டர்னலில் ஒரு மார்க் குறைந்தது. மொத்தத்தில் மூன்று மார்க் போய்விட்டது என்கிறார்கள். சரியா?

செய்முறை இல்லாத பாடமென்றால் சரி. 10ஐ 30 ஆக்கும்போது ஒரு மார்க் மூன்றாகிறது. செய்முறை உள்ள பாடத்தில் 20 + 10 என்று நேரடியாக 30 வருவதால் ஒன்றுக்கு ஒன்றுதான். பிளஸ் ஒன் தமிழ்த் தேர்வில் ஒரு மார்க் குறைந்திருந்தால் இறுதியில் 0.22தான் குறையும். பத்தாம் வகுப்பின் சிறந்த மூன்று பாடங்களில் ஒன்றில் ஒரு மார்க் குறைந்தால், பாடத்துக்கு 0.17 வீதம் ஆறு பாடங்களிலும் சேர்ந்து 600க்கு ஒரு மார்க் குறையும்.

ஆக, வருகைப்பதிவு, வகுப்புத் தேர்வு, ஒப்படைவு, கல்வி இணைச் செயல்பாடு ஆகியவற்றுக்காக ஆசிரியர் போட்ட அந்தப் பத்து மார்க்தான் இந்த முறையிலேயே மிகக் கனமான மார்க். போட்டபோது அது யாருக்கும் தெரியாது. வழக்கமாகப் பல பள்ளிகளில் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போட்டுவிடுவார்கள். நேர்மையாக 7, 8 என்று பிரித்துப் போட்ட ஆசிரியரின் மாணவர்கள் ஒன்பது, ஆறு மார்க் இழந்தார்கள். இந்த ஒரு இடத்தில் மாநில முறை பலவீனமானது. மொழிப்பாடங்களுக்கும் கலைப் பிரிவுக்கும் அகமதிப்பீட்டின் எடையை 10லேயே நிறுத்தி, மீதி 20ஐப் பிளஸ் ஒன் எழுத்துத் தேர்வுக்குச் சேர்த்திருக்கலாம்.

பிளஸ் ஒன்னில் அரியர் வைத்திருந்தவர்கள் எப்படிப் பாஸானார்கள்?

அரியர் எழுத வழியே இல்லாத காலம் என்பதால், பிளஸ் ஒன்னில் தோற்ற பாடத்துக்கும் எழுதாமல் விட்ட பாடத்துக்கும் 35% என்று எடுத்துக்கொண்டார்கள். அதாவது 20க்கு 7 மார்க். பத்தாம் வகுப்புச் சராசரி 60 (அதில் பாதி 30), பிளஸ் டூ செய்முறையும் அகமதிப்பீடும் 27 என்றால் 30 + 7 + 27 = 64. தோற்ற பாடத்தில் 64 என்று வருவது இப்படித்தான். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டிலும் எந்தத் தேர்வுக்கும் வராதவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் தனித்தேர்வராக எழுதவேண்டும் என்றார்கள்.

செய்முறைத் தேர்வு நாளில் எனக்குக் கொரோனா. அந்த 20 மார்க் போச்சா?

போகவில்லை. பிளஸ் ஒன் செய்முறைத் தேர்வு மார்க்கை வைத்து ஈடுசெய்தார்கள்.

மார்க்கில் புள்ளி வைத்து வந்திருக்கிறதே, இது செல்லுமா?

செல்லும். 2021 ஜூலை 19 அன்று முடிவு வந்தபோது 8.16 லட்சம் பேருக்கும் தசம எண்ணில்தான் மார்க் வந்தது. முழு எண்ணாக்கியிருந்தால் ஒரே மார்க்கில் ஆயிரக்கணக்கானோர் குவிந்து, தரவரிசை போடப் பிறந்த தேதியையும் ரேண்டம் எண்ணையும் தேடவேண்டி வந்திருக்கும். விண்ணப்பத்தில் சான்றிதழில் இருப்பதை அப்படியே எழுதுங்கள், நீங்களாக முழு எண்ணாக்க வேண்டாம்.

மறுகூட்டல், மறுமதிப்பீடு போட முடியாதா?

விடைத்தாளே இல்லாதபோது அவை இரண்டுக்கும் வழியில்லை. ஆனால் கணக்கைச் சரிபார்க்கலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பிளஸ் ஒன் மதிப்பெண் பட்டியல் இரண்டையும் எடுத்துக்கொண்டு, பள்ளியிலிருந்து செய்முறை, அகமதிப்பீட்டு எண்களை வாங்கி, மேலே காட்டியபடி பாடம் பாடமாகப் போட்டுப் பாருங்கள். அடிக்கடி நடக்கும் பிழை மாணவர் பக்கம்தான். பிளஸ் ஒன்னின் மொத்த மார்க்கை 100க்கு எடுத்துவிடுவார்கள். எழுத்துத் தேர்வு மார்க்கை மட்டும் 70க்கோ 90க்கோ எடுத்துச் சதவீதமாக்க வேண்டும். அப்படியும் பொருந்தவில்லை என்றால் தலைமையாசிரியர் வழியாக, எழுத்தில், எந்த எண் தவறு என்று குறிப்பிட்டு முறையிட வேண்டும்.

சிபிஎஸ்இ படித்த பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேறு கணக்கு என்கிறார்கள். என்ன வித்தியாசம்?

சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புக்கு 2021இல் 30–30–40. பத்தாம் வகுப்பின் சிறந்த மூன்று பாடங்களின் எழுத்துத் தேர்வுச் சராசரிக்கு 30%, பதினொன்றாம் வகுப்பு இறுதித் தேர்வுக்கு 30%, பன்னிரண்டாம் வகுப்பின் அலகுத் தேர்வு, இடைப்பருவத் தேர்வு, மாதிரிப் பொதுத்தேர்வு ஆகியவற்றுக்கு 40%. இது எழுத்துத் தேர்வுப் பகுதிக்கு மட்டும். செய்முறையும் அகமதிப்பீடும் வாங்கியது வாங்கியபடியே சேர்ந்தன. இயற்பியலில் 70 மார்க்தான் கணக்குப் போட்டு வந்தது, 30 நேரடி மார்க்.

பள்ளி தானே மார்க் போட்டால் அள்ளி வழங்கிவிடும் என்ற பயத்துக்கு இரண்டு பூட்டுகள் வைத்தார்கள். முதலாவது ஐந்து பேர் குழு. முதல்வர் தலைமை, அதே பள்ளியின் மூத்த ஆசிரியர் இருவர், பக்கத்துப் பள்ளி ஆசிரியர் இருவர். இரண்டாவது, முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்தப் பள்ளி சிறப்பாகச் செய்த ஆண்டை அளவுகோலாக வைத்து, ஒரு பாடத்தின் சராசரி அந்த ஆண்டின் சராசரியிலிருந்து 5 மார்க்குக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது, பள்ளியின் மொத்தச் சராசரி 2 மார்க்குக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். பள்ளிக்கு வரம்பு, மாணவருக்குப் பாதகம். முன்பு சுமாராக இருந்த பள்ளியில் அந்த ஆண்டு ஒரு நல்ல பேட்ச் வந்திருந்தால் அவர்கள் மார்க் கீழே இறங்கியிருக்கும். தேர்ச்சி 99.37% வந்தது, ஆனாலும் பல பள்ளிகளில் முதல் மாணவர்களின் மனக்குறை இதுதான்.

மார்க் குறைவு என்று பிறகு நடந்த தேர்வை எழுதினேன். அதில் இன்னும் குறைந்துவிட்டது. பழையதைக் காட்டலாமா?

எந்த வாரியம் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தனித்தேர்வர்களோடு சேர்ந்து எழுத வாய்ப்புக் கொடுத்தபோதே, எழுதி வாங்கும் மார்க்தான் இறுதி என்று சொல்லிவிட்டார்கள். சிபிஎஸ்இயிலும் அதே விதி இருந்தது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை நீக்கி, இரண்டில் எது வேண்டுமோ அதை மாணவர் எடுத்துக்கொள்ளலாம் என்றது. அந்தத் தீர்ப்பு சிபிஎஸ்இ விதியைப் பற்றியது. அதை வைத்து மாநில வாரியச் சான்றிதழை நீங்களாக மாற்றிக் காட்ட முடியாது.

2021 பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மார்க்கே இல்லை. விண்ணப்பத்தில் எத்தனை சதவீதம் என்று போடுவது?

எதையும் ஊகித்துப் போடாதீர்கள். 35 என்றோ 100 என்றோ எழுதினால் சான்றிதழ் சரிபார்ப்பில் பொய்த் தகவல் ஆகிவிடும். தகுதி “பத்தாம் வகுப்புத் தேர்ச்சி” என்று மட்டும் இருந்தால் உங்கள் சான்றிதழே போதும். பெரும்பாலான சேர்க்கைகளுக்குப் பிளஸ் டூ மார்க்தான் தேவை, அது உங்களுக்கு 2023இல் எழுதி வாங்கியதாக இருக்கிறது.

சிக்கல், பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்தே தரவரிசை போடும் வேலைகளில். அஞ்சல் துறையின் கிராமிய அஞ்சல் ஊழியர் பணி அப்படிப்பட்டது. அத்தகைய அறிவிக்கையில் மதிப்பெண் இல்லாத சான்றிதழுக்கு என்ன செய்வது என்ற பத்தி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கடைசித் தேதிக்கு முன்பே எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

மனுஷர் கை படாமல் கம்ப்யூட்டரே போட்டால் நியாயமாக இருக்குமே?

இங்கிலாந்து 2020இல் அதைச் செய்து பார்த்தது. ஏ-லெவல் (நம் பிளஸ் டூ போன்றது) தேர்வு ரத்தானதும் ஆசிரியர்களிடம் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கிரேடும், வகுப்பில் எத்தனையாவது என்ற வரிசையும் கேட்டார்கள். தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவால், அந்தப் பள்ளி 2017 முதல் 2019 வரை வாங்கிய முடிவுகளோடு அவற்றைப் பொருத்திக் கணினியால் கிரேடு போட்டது. ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தபோது ஆசிரியர் கொடுத்த கிரேடுகளில் சுமார் 40% கீழே இறக்கப்பட்டிருந்தன.

மிகச் சிறிய வகுப்பு என்றால் ஆசிரியர் கிரேடை அப்படியே ஏற்றார்கள், ஏனென்றால் ஐந்து பேரை வைத்துப் புள்ளியியல் போட முடியாது. சிறிய வகுப்புகள் அதிகம் இருப்பது கட்டணப் பள்ளிகளில். கூட்டமான அரசுப் பள்ளி மாணவர்தான் பள்ளியின் பழைய முடிவுக்குக் கட்டுப்பட்டார். மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். நான்கே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, கணினி கிரேடு அதிகமாக வந்தவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் ஆசிரியர் கிரேடையே ஏற்றுக்கொண்டார்கள். சிபிஎஸ்இயின் இரண்டாவது பூட்டும் இதே யோசனையின் மென்மையான வடிவம்தான். தமிழ்நாட்டு முறையில் பள்ளியின் பழைய பெயர் மாணவர் மார்க்கைத் தொடவே இல்லை. எங்களைக் கேட்டால், அதன் மிகப் பெரிய நல்ல குணம் அதுதான்.

நாளைக்கே மறுபடி ரத்தானால் இதே 50–20–30 தானா?

அப்படி நிரந்தர விதி எதுவும் இல்லை. 2020இல் ஒன்று, 2021இல் வேறொன்று. மேலும் 2021இன் முறையை அப்படியே திரும்பக் கொண்டுவரவும் முடியாது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு, பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025–26 முதல் எடுத்துவிட்டார்கள். அந்த 20%க்கு இனிப் பள்ளி நடத்தும் ஆண்டுத் தேர்வுதான் இருக்கும். அதைத் தாராளமாகத் திருத்துவதும் கறாராகத் திருத்துவதும் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். 80–20 முறையில் பார்த்த அதே சிக்கல் பிளஸ் டூவுக்கும் வரும்.

பள்ளிகள் இப்போதே செய்யக்கூடியவை சில. பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வு, பிளஸ் டூ காலாண்டு, அரையாண்டு விடைத்தாள்களைப் பிளஸ் டூ சான்றிதழ் கைக்கு வரும்வரை கட்டி வையுங்கள். திருத்திய ஒரு வாரத்துக்குள் மார்க்கைப் பதிவேட்டில் மையால் எழுதி, தலைமையாசிரியர் தேதியோடு கையெழுத்திடட்டும். திருத்தம் வந்தால் பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் புதியதை எழுதிச் சுருக்கொப்பமிட வேண்டும். அகமதிப்பீட்டில் பத்துக்கு எத்தனை என்பதோடு நிறுத்தாமல், வருகைக்கு இவ்வளவு, ஒப்படைவுக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். தேர்வுக்கு வராதவருக்குச் சுழியம் போடாமல் “வரவில்லை” என்றே குறியுங்கள். 2021இல் எழுதாதவருக்கு 35% கிடைத்தது, எழுதாததைப் பதிவேடு சொன்னால்தான் அப்படிப்பட்ட சலுகை அவரைச் சென்றடையும். பெற்றோர் பக்கம், ஒவ்வொரு தேர்வின் முன்னேற்ற அறிக்கையையும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.